மாணவ வீரர்: ஒரு தொகைச்சொல்லும் சில வழக்குகளும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் விளையாட்டுச் சட்டத்தைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று வினவுவோர் இருத்தல் கூடும். உடற்கல்வி இயக்குநரோ சட்டம் பயின்றோரோ எழுத வேண்டிய பொருளில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்பது நியாயமான வினாவே. நம் விடை எளியது. நாம் ஈண்டுப் பேச எடுத்துக்கொண்ட வழக்குகளின் வேரில் கிடப்பது ஒரு சொல். சொற்கள் பெரும்பாலும் யார் செய்தவை என்று அறிய முடியாதவை. மக்கள் வாயில் பிறந்து மக்கள் வாயில் வளர்பவை. இச்சொல் அத்தகையதன்று. இதைச் செய்தவர் இன்னார், செய்த காலம் இது, செய்த நோக்கம் இது என்று எடுத்துக்காட்ட முடிகிறது. செய்தவரே பிற்காலத்தில் அதை ஒப்புக்கொண்டு எழுதியும் வைத்தார். இலக்கணம் கற்பிப்போர்க்கு இத்தகைய வாய்ப்பு அரிதிலும் அரிது.

அமெரிக்க நாட்டில் பிறந்த அச்சொல் ‘ஸ்டூடண்ட்-அத்லெட்’ என்பது. தமிழில் ‘மாணவ வீரர்’ எனலாம். கேட்பதற்கு இனிய சொல். கல்வியும் விளையாட்டும் கைகோத்து நிற்பது போன்ற தோற்றம் தருவது. பரிசளிப்பு விழா மேடையில் சொன்னால் பெற்றோர் மகிழ்வர். அந்நாட்டின் நீதிமன்றங்களில் ஏறத்தாழ 70 ஆண்டுகளாக இச்சொல் ஒரு கேடயமாகப் பயன்பட்டு வந்துள்ளது. அக்கேடயத்தின் பின்னே நின்றவர் வீரர் அல்லர் என்பதே நாம் சொல்ல வந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நம் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளோடு ஒப்பிட்டு எண்ணிவிடலாகாது. நம் ஊரில் இறுதிப்போட்டி என்றாலும் விடுதி மாணவரும் இரண்டொரு ஆசிரியரும் நின்று பார்ப்பர். வெயில் ஏறினால் அவர்களிலும் பாதிப்பேர் மரத்தடிக்குப் போய்விடுவர். அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். கல்லூரி ஆடவர் கூடைப்பந்துத் தொடரை ஒளிபரப்பும் உரிமைக்காக 2010ஆம் ஆண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர உடன்பட்டன. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்லர், பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அல்லர். கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் ஆடுபவருக்கு மட்டும் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தரலாகாது என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. விதி வகுத்தது என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

இனிச் சொல் பிறந்த கதைக்கு வருவோம்.

கொலராடோ மாநிலத்தில் டென்வர் பல்கலைக்கழக மாணவர் எர்னஸ்ட் நெமெத் என்பார் கால்பந்துப் பயிற்சியின்போது முதுகில் அடிபட்டார். அந்நாட்டுக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதுமே ஆட்டம். நெமெத்துக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் டென்னிஸ் ஆடுகளங்களைப் பராமரிக்கும் வேலை தரப்பட்டிருந்தது. மாதம் 50 டாலர் கூலி. அவ்வேலை கால்பந்தாடுவதற்காகவே தரப்பட்டது என்று கண்ட கொலராடோ உச்ச நீதிமன்றம், தொழிலாளர்க்குரிய இழப்பீட்டை அவருக்குத் தர வேண்டுமென்று 1953ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. கல்லூரி நிருவாகங்கள் திடுக்கிட்டன. மைதானத்தில் விழும் ஒவ்வொருவரும் தொழிலாளர் என்று வந்து நின்றால் என் செய்வது?

அவ்வச்சம் அடங்குமுன் மற்றொன்று நேர்ந்தது. அதே மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்னும் சிறு கல்லூரி. ரே டென்னிசன் என்னும் இளைஞர் பெட்ரோல் நிலையம் ஒன்றில் வேலை பார்த்து வந்தவர். வேலையை விட்டு விளையாட வந்தால் பிழைப்பு என்னாவது என்பது அவர் கவலை. கல்லூரியிலேயே அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. 1955 செப்டம்பரில் நடந்த ஆட்டமொன்றில் அவர் தலை எதிரணி வீரர் ஒருவரின் முழங்காலில் மோதியது. அவர் பிழைக்கவில்லை. கைம்பெண்ணான அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு வேண்டி விண்ணப்பித்தார். மாநில ஆணையம் வழங்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நெமெத்துக்கு இழப்பீடு தந்த அதே நீதிமன்றம், 1957ஆம் ஆண்டு இப்பெண்ணுக்கு இல்லை என்றது. கல்லூரி கால்பந்து வாணிகம் செய்யவில்லை. கால்பந்தாட வேண்டும் என்று ஒப்பந்தம் ஏதும் இல்லை. ஆகவே அவர் தொழிலாளர் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்குகள் நடந்த காலத்தில்தான் ‘ஸ்டூடண்ட்-அத்லெட்’ என்ற சொல் வார்க்கப்பட்டது. வார்த்தவர் 1951 முதல் 1980களின் பிற்பகுதி வரை அச்சங்கத்தின் நிருவாகத் தலைவராக இருந்த வால்ட்டர் பையர்ஸ். ஆடுபவரை ‘ஆட்டக்காரர்’ என்றோ ‘வீரர்’ என்றோ தனித்துக் குறியாமல் இச்சொல்லையே வழங்க வேண்டும் என்பது சங்கத்தின் கட்டளையாயிற்று. கல்லூரி வீரரைத் தொழிலாளர் என்று நீதிமன்றங்களும் ஆணையங்களும் கருதிவிடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று பையர்ஸ் தம் ஓய்வுக்காலத்தில், 1995ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வெளிப்படையாக எழுதினார். தாம் கட்டிய அமைப்பைத் தாமே கடிந்து எழுதிய நூல் அது. முதுமையில் மனச்சான்று விழித்துக்கொள்வதும் ஒரு பேறுதான். ஆனால் டென்னிசனின் மனைவிக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

நம் இலக்கணத்தார் தொகைகளை ஆறாக வகுத்தனர். இச்சொல்லை அவற்றுள் எதில் சேர்ப்பது? ‘மாணவரும் வீரரும்’ என விரித்தால் உம்மைத்தொகை. ‘மாணவராகிய வீரர்’ என விரித்தால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. நாம் இவ்விரண்டையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்ததுண்டு. நீதிமன்றங்களில் அது வேலை செய்த விதத்தை நோக்கினால் இரண்டும் பொருந்தவில்லை. ‘பொற்றொடி வந்தாள்’ என்னுமிடத்துப் பொன்னும் வரவில்லை, தொடியும் வரவில்லை. அவற்றை அணிந்த பெண் வந்தாள். சொல்லில் இல்லாத ஒன்றே பொருளாய் நிற்பதை அன்மொழித்தொகை என்கிறோம். ‘மாணவ வீரர்’ என்பதும் அன்மொழித்தொகையே. அதன் பொருள் ‘இழப்பீடு தர வேண்டாதவர்’ என்பது. இதைச் சொன்னபோது வகுப்பில் பலர் சிரித்தனர். முன்வரிசையில் இருந்த கபடி வீரர் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பதற்கில்லை என்பதற்கு இன்னொரு வழக்கு. டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர் கென்ட் வால்ட்ரெப் 1974 அக்டோபரில் அலபாமா அணிக்கெதிராக ஆடும்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். மருத்துவச் செலவைப் பல்கலைக்கழகம் சில மாதங்கள் ஏற்றது, பின்னர் நிறுத்திவிட்டது. குடும்பம் தன் கைப்பொருளாலும் பிறர் உதவியாலும் சமாளித்தது. பல்லாண்டுகளுக்குப் பின் அவர் தொழிலாளர் இழப்பீடு கோரினார். 1993ஆம் ஆண்டு மாநில ஆணையம் அவர் பக்கம் நின்றது. காப்பீட்டாளர் தரப்பு எதிர்த்து வழக்காடியது. நடுவர் குழு அவருக்கு எதிராக முடிவு சொல்ல, 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1974ஆம் ஆண்டு அவரும் பல்கலைக்கழகமும் அவரை மாணவராகவே கருதினர், தொழிலாளராகக் கருதவில்லை என்பது காரணம். விழுந்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே 26 ஆண்டுகள்.

சரி, மாணவர் என்பதே உண்மை எனக் கொள்வோம். அவ்வாறாயின் மாணவர்க்குரியது கிடைத்திருக்க வேண்டுமன்றோ? கால்நூற்றாண்டாக வகுப்பறையில் நிற்கும் நமக்கு எல்லா வழக்குகளினும் மேலாக நெஞ்சைத் தைத்தது கெவின் ராஸ் என்பவரின் வழக்கே.

கெவின் ராஸ் ஆறடி ஒன்பது அங்குல உயரம் கொண்ட கூடைப்பந்து வீரர். 1978ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்துக் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் அவரை உதவித்தொகை தந்து சேர்த்துக்கொண்டது. சேரும் தகுதித் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் அங்குப் பயிலும் சராசரி மாணவரின் மதிப்பெண்ணுக்கு மிகவும் கீழ்ப்பட்டது. பாடச்சுமையை அவரால் தாங்க இயலாது என்பது சேர்த்தவர்க்கே தெரியும். இது அவர் பின்னாளில் தொடுத்த வழக்கில் உரைத்தது. நான்கு ஆண்டு ஆடினார். துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு போன்ற பாடங்களை எடுத்துக்கொள்ளுமாறு விளையாட்டுத்துறையினர் அறிவுறுத்தினர். அவை பட்டத்துக்குக் கணக்கில் சேராதவை. அவருக்குரிய பாடங்களைப் படித்துச் சொல்லவும், கட்டுரைகளை எழுதித் தட்டச்சு செய்து தரவும் ஒரு செயலர் அமர்த்தப்பட்டார் என்பதும் வழக்குரையில் உள்ளது. பட்டத்துக்கு வேண்டிய 128 மதிப்பலகுகளுள் 96ஐ மட்டுமே பெற்று 1982ஆம் ஆண்டு வெளியேறினார். அப்போது அவருடைய மொழித்திறன் நான்காம் வகுப்பு மாணவனுடையது. படிக்கும் திறன் ஏழாம் வகுப்பினது.

பின்பு அவர் செய்ததுதான் எவரையும் உலுக்கக் கூடியது. சிக்காகோ நகரில் மார்வா காலின்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியை நடத்திய தொடக்கப்பள்ளியில் போய்ச் சேர்ந்தார். ஆறடி ஒன்பது அங்குல இளைஞர், சிறுபிள்ளைகளோடு சிறுபிள்ளையாய் அமர்ந்து ஓராண்டு கற்றார். அப்பெஞ்சில் அவர் கால்களை எப்படி மடக்கி வைத்திருப்பார் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வெட்கத்தை விட்டுக் கல்வியை நாடிய அவரினும் சிறந்த மாணவர் யார்?

அவர் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1992ஆம் ஆண்டு ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பேசப்படுவது. தரமற்ற கல்வி அளித்தார்கள் என்று ஆசிரியர் மீதும் கல்லூரி மீதும் வழக்குத் தொடுக்க இடமில்லை என்றது நீதிமன்றம். எது நல்ல கற்பித்தல், எது தீய கற்பித்தல் என்று நீதிமன்றம் அளந்து சொல்ல முடியாது. மாணவர் கல்லாமைக்குக் காரணம் பலவாக இருக்கும். இவ்வழியைத் திறந்தால் வழக்குகள் பெருகும் என்பன காரணங்கள். ஆசிரியராகிய நாம் இக்காரணங்களை அலட்சியம் செய்துவிட முடியாது. தேர்ச்சி பெறாத மாணவர் ஒவ்வொருவரும் நீதிமன்றப் படியேறினால் நாட்டில் கல்லூரி இராது. எனினும் நீதிமன்றம் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தது. குறிப்பான ஒரு வாக்குறுதியை, படிக்க உதவி செய்வோம், படிப்பதற்கு உண்மையான வாய்ப்புத் தருவோம் என்பதை, அறவே காப்பாற்றாது விட்டிருந்தால் ஒப்பந்த மீறல் என்று வழக்காடலாம் என்றது. வழக்கு பின்னர் 30,000 டாலர் தரப்பட்டு இணக்கமாக முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தரப்பட்ட தொகை அது.

இது ஒரு தனிமனிதர்க்கு நேர்ந்தது, விதிவிலக்கு, என்று தள்ளுவோர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் நடந்ததை நோக்க வேண்டும். அங்கே ஒரு துறையில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடவாத, ஆசிரியர் முகமே காணாத, ஒரேயொரு கட்டுரை கொடுத்தால் உயர் மதிப்பெண் கிடைக்கும் பாடங்கள் நடந்துவந்தன. மதிப்பெண் இட்டவர் பெரும்பாலும் துறையின் அலுவலகப் பணியாளர். 3,100க்கு மேற்பட்ட மாணவர் இவற்றில் சேர்ந்திருந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர் என்றும் 2014ஆம் ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. பாதிக்கப்பட்ட வீரர் சிலர் வழக்குத் தொடுத்தபோது விளையாட்டுச் சங்கம் அளித்த விடை கல்வியாளர் எவரும் மறக்கலாகாதது. வீரர்க்குக் கற்பிக்கப்படும் பாடங்களின் தரத்தை உறுதி செய்வது தன் சட்டக் கடமை அன்று என்று அது வாதிட்டது. 2017இல், அப்பாடங்கள் வீரர்க்கு மட்டுமன்றி எல்லா மாணவர்க்கும் திறந்திருந்தன என்னும் காரணத்தால் பல்கலைக்கழகத்தைத் தண்டிக்க இயலவில்லை என்றும் சொல்லிவிட்டது.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அடிபட்டவர் இழப்பீடு கேட்டால், ‘நீர் மாணவர்’ என்கிறார்கள். மாணவர் கல்வி கேட்டால், ‘அது எம் பொறுப்பன்று’ என்கிறார்கள். தொகைச்சொல்லின் ஒரு பாதியைக் காட்டி மறுபாதியை மறைப்பது. மறுபாதியைக் கேட்டால் கைவிரிப்பது.

தொழில்முறை விளையாட்டில் நிலைமை வேறாக மாறியது எங்ஙனம் என்பதையும் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்த வீரர் அக்குழு விற்கும் வரை அதற்கே உரியவர் என்ற நிலை நெடுங்காலம் நிலவியது. 1969ஆம் ஆண்டு கர்ட் ஃபிளட் என்னும் வீரரை அவரைக் கேளாமலே வேறு நகரக் குழுவுக்கு மாற்றினர். ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் பெற்ற அவர், நான் சரக்கு அல்லேன் என்று சொல்லி வழக்குத் தொடுத்தார். 1972ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆயினும் அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. சங்கம் போராடிப் பெற்ற நடுவர் முறையின் வாயிலாக 1975 டிசம்பரில் அவ்வடிமைத்தளை உடைந்தது. நீதிமன்றம் திறவாத கதவைச் சங்கம் திறந்தது. கல்லூரி வீரர்க்கோ தொழிலாளர் என்ற பெயரே இல்லாததால் சங்கம் அமைக்கவும் வழியில்லை.

முயலாமல் இல்லை. 2014ஆம் ஆண்டு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக் கால்பந்து வீரர்கள் சங்கம் அமைக்க விண்ணப்பித்தனர். அவர்களுக்காக முன்நின்று சாட்சியம் அளித்த கெயின் கோல்ட்டர் என்பவர் மருத்துவம் பயில விரும்பியவர். அதற்கு வேண்டிய வேதியியல் வகுப்பு பயிற்சி நேரத்தோடு மோதியதால் அதை உரிய காலத்தில் எடுக்க முடியாமற் போயிற்று என்றார். பருவகாலத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் கால்பந்துக்கே செலவாகிறது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் இவர்கள் பணியாளரே என்று முடிவு கூறினார். வாக்கெடுப்பும் நடந்தது. பெட்டி முத்திரையிடப்பட்டது. 2015 ஆகஸ்டில் மேல்வாரியம் இவ்வழக்கில் தலையிட விரும்பவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. அவ்வாக்குகள் எண்ணப்படவே இல்லை. டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து அணியினர் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற கணக்கில் சங்கம் வேண்டும் என வாக்களித்து, அவ்வாண்டின் கடைசி நாளில் தம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் இவ்வரிசையில் சேர்வதே.

இதற்கிடையில் வேறொரு வாயில் வழியாகப் பணம் வரத் தொடங்கிற்று. எட் ஓபானன் என்னும் முன்னாள் கூடைப்பந்து வீரர், ஒரு கணினி விளையாட்டில் தம் உருவம், தம் சட்டை எண் 31, தம் இடக்கைப் பழக்கம் யாவும் இருக்கக் கண்டார். பெயர் மட்டும் இல்லை. ஒரு காசும் தமக்கு வரவில்லை. 2009ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்து 2014இல் வென்றார். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து, கல்வி தொடர்பான உதவிகளுக்குச் சங்கம் உச்சவரம்பு விதித்தது செல்லாது என்றனர். நீதிபதி கவனா தனியே எழுதிய கருத்தில், வேறெந்தத் தொழிலிலும் கூலி தராமையே எம் சரக்கின் சிறப்பு என்று சொல்லித் தப்ப முடியாது எனக் கடிந்தார். அடுத்த பத்தாம் நாள் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பொருளீட்டலாம் என்று சங்கம் இறங்கி வந்தது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதலளித்த ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, பழைய வீரர்க்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் தரவும், அவ்வாண்டு ஜூலை முதல் ஒவ்வொரு பெருங்கல்லூரியும் முதலாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தம் வீரர்க்கு நேரே பங்கிடவும் வழி பிறந்தது. பழந்தொகையில் பெரும்பகுதி ஆடவர் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போவதைக் கண்ட வீராங்கனையர் சிலர், கல்வியில் பால்வேற்றுமை கூடாதென்னும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி மேல்முறையீடு செய்தனர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து.

இவ்வெற்றிகளைக் கண்டு நீதி வென்றது என்று பலர் எழுதினர். நாம் அவ்வளவு விரைந்து மகிழ இயலாதவராய் இருக்கிறோம். ஏனெனில் வென்ற வழக்குகள் எல்லாம் ஒரே இனத்தவை. 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் எனப்படும் முற்றுரிமைத் தடைச் சட்டத்தின்கீழ், சந்தையில் போட்டியைத் தடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டின்மீது வென்றவை. வீரரின் பெயருக்கு விலை உண்டு, முகத்துக்கு விலை உண்டு, அவ்விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று நீதிமன்றங்கள் தயக்கமின்றிச் சொல்லின. டென்னிசனின் மனைவி கேட்டது விலையன்று. வால்ட்ரெப் கேட்டதும் ராஸ் கேட்டதும் விலையல்ல. முறிந்த கழுத்துக்குப் பொறுப்பு யார், கற்பிப்போம் என்று அழைத்து வந்து கற்பியாமல் விட்டதற்குப் பொறுப்பு யார் என்பனவே அவர்கள் கேட்டவை. அவ்வினாக்கள் இன்னும் அரைகுறையாகவே நிற்கின்றன. புகழ் பெற்ற வீரர்க்குப் பணம் கொட்டுகிறது. மாற்று வீரராக ஓரத்தில் அமர்ந்திருந்து பயிற்சியில் கால் முறிந்தவரின் முகத்தை எந்த விளம்பரதாரர் கேட்பார்?

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதும் முறையன்று. விளையாட்டில் நேர்ந்த காயத்துக்குக் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னும் குறைந்தது இரண்டாண்டு மருத்துவச் செலவை முதல் பிரிவுக் கல்லூரிகள் ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய மாதம் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி வீரர் என்பதாலேயே ஒருவர் பணியாளர் அல்லர் என்றாகிவிடாது; அவரவர் நிலையை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று கூறிற்று. அச்சொல்லின் மந்திர ஆற்றல் குறையத் தொடங்கியதற்கு இஃது ஓர் அடையாளம்.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் மறைக்கலாகாது. பெரும்பாலான கல்லூரிகளில் விளையாட்டால் வருவாய் இல்லை. நீச்சல், மற்போர், ஓட்டம் முதலியவற்றைக் கால்பந்துப் பணமே தாங்குகிறது. எல்லாரையும் பணியாளர் என்றால் சிறு கல்லூரிகள் அணிகளைக் கலைத்துவிடும். உதவித்தொகைக்கு வரி வரும். சரியாக ஆடாதவரைப் பணிநீக்கம் செய்யவும் கூடும். இவற்றுள் பல உண்மையான இடர்ப்பாடுகளே. ஆனால் இழப்பீடு தருவதற்கு ஒருவரைப் பணியாளர் என்று அறிவித்தே ஆகவேண்டும் என்பது என்ன நியதி? மாணவர் என்று வைத்துக்கொண்டே, அவர் உடம்புக்கும் படிப்புக்கும் பொறுப்பேற்கச் சட்டம் இயற்றலாமே. எந்தப் பெயரால் அழைத்தால் பொறுப்பு நீங்கும் என்று தேடியதில் 70 ஆண்டு கழிந்தது.

அயல்நாட்டிலிருந்து அங்குச் சென்று பயில்வோரைப் பற்றி ஒரு சொல். நம் மாணவரிடையே அமெரிக்கக் கனவு காண்போர் உளர். ஆதலின் அறிந்து வைத்தல் நன்று. எஃப்-1 எனப்படும் மாணவர் நுழைவிசைவில் சென்றவர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்து பொருளீட்டக் கடுங்கட்டுப்பாடு உண்டு. கனடா நாட்டவரான சாக் ஈடி பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2023, 2024 ஆகிய இரண்டாண்டும் நாட்டின் தலைசிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வு பெற்றார். உடன் ஆடியவர் விளம்பரத்தில் பொருளீட்டியது போல் அவரால் தாராளமாக ஈட்ட முடியவில்லை. வீரர் என்னும் பாதிக்கு உரிமை வந்தபோது, மாணவர் என்னும் பாதி இங்கே குடிநுழைவுச் சட்டத்தின் உருவில் வந்து குறுக்கே நின்றது.

இத்தனையும் கடல் கடந்த கதை என்று மலரை மூடிவிடலாம். நம் மேசைமீது ‘ஓ.டி.’ கடிதங்கள் இல்லாதிருந்தால் நாமும் மூடியிருப்போம். பருவந்தோறும் உடற்கல்வித் துறையிலிருந்து அவை வரும். மாணவர் பெயர், போட்டியின் பெயர், நாள், இடம். கையொப்பமிட்டு வருகை தந்துவிடுவோம். போன மாணவர் திரும்பி வந்தாரா, விட்ட பாடத்தைப் படித்தாரா என்று கேட்ட ஆசிரியர் எத்தனை பேர்? நம்மையும் சேர்த்தே கேட்கிறோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர் ஒருவர் மூன்றாமாண்டு முடிவில் ஏழு பாடங்கள் நிலுவையோடு நம்முன் வந்து நின்றபோது, அவர்தம் ஓ.டி. கடிதங்கள் பலவற்றில் இருந்தது நம் கையொப்பமே.

முன்பு நாம் பணியாற்றிய வேறொரு கல்லூரியில், பிற கல்லூரி அணியோடு நடந்த கபடிப் போட்டியில் ஒரு மாணவர்க்கு முழங்காலில், மக்கள் வழக்கில் ஜவ்வு என்கிறோமே, அது கிழிந்தது. அறுவை செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். ஆசிரியர் அறையில் உண்டியல் குலுக்காத குறையாகத் திரட்டினோம். பாதிச் செலவுக்கும் அது காணவில்லை. மீதிக்கு அவர் தாயாரின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. யார் பொறுப்பு என்று எவரும் கேட்கவில்லை, அவ்வம்மையாரும் கேட்கவில்லை. கோப்பை மட்டும் முதல்வர் அறைக் கண்ணாடிப் பேழையில் இருந்தது. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இழப்பீட்டுச் சட்டம் பணியாளர்க்கே உரியதாக இருந்தது. மாணவர் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே கொலராடோவில் அக்கைம்பெண் நின்ற இடத்துக்கும் இத்தாயார் நின்ற இடத்துக்கும் பெருந்தொலைவில்லை.

நம் கல்லூரி ஆட்சிக்குழுப் பெரியோர் இம்மலரைப் புரட்டுவர் என்ற நம்பிக்கையால் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரிடமும் விளையாட்டுக் கட்டணம் பெறுகிறோம். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து, கல்லூரி அணிகளில் ஆடும் அனைவர்க்கும் குழு விபத்துக் காப்பீடு செய்துவிடலாம். பயிற்சியின்போது நேரும் காயமும் அதில் அடங்க வேண்டும். ஓ.டி. கடிதத்தில், விட்ட பாடத்தை எந்த ஆசிரியர் எந்நாள் நடத்துவார் என்று எழுதி ஒப்பமிட இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும். அப்பத்தியில் முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளலாம். சனிக்கிழமை பிற்பகல் நமக்கு வகுப்பில்லை.